விமர்சகர் இலை

முதல் புத்தகம் அச்சாகி வந்ததும் எழுத்தாளருக்குத் தலையில் கொம்பு முளைக்கும். எனக்கு இரண்டு முளைத்தன. சிறுகதை ஆசிரியர் என்பது ஒரு கொம்பு. எங்கள் வீட்டிலேயே நான்தான் நவீனமானவள் என்பது இன்னொன்று. இரண்டும் ஒரே சாயங்காலத்தில், மண்டபம் நிறைந்த சொந்தக்காரர்கள் முன்னிலையில் முறிந்தன.

தொண்ணூறுகளின் கடைசி. திருப்பருத்திக்குன்றத்தில் வீடு, பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. என் கதைகளில் வருகிறவர்கள் எல்லாரும் பனி கொட்டும் நகரங்களில் ஜன்னலோரம் உட்கார்ந்து தனிமையில் காபி குடிப்பார்கள். (நான் அதுவரை ஊட்டிக்குக்கூடப் போனதில்லை.) இது போதாதென்று அதே பனியில் ஒரு நாவலும் எழுதி, சென்னைப் பதிப்பகம் ஒன்றுக்கு அனுப்பியிருந்தேன். அங்கே அது தூங்கிக்கொண்டிருந்தது. அதைத் தட்டி எழுப்பும் அதிகாரம் ஒரு விமர்சகரிடம் இருந்தது. அவர் தலையசைத்தால் புத்தகம். இல்லாவிட்டால் பழைய பேப்பர். அந்தத் தலையசைப்புக்காக நான் எந்தக் கோயில் தூணையும் சுற்றத் தயாராக இருந்தேன். சிறுகதைத் தொகுப்பின் வெளியீட்டு விழாவுக்கு அவரையே சிறப்பு விருந்தினராக அழைத்தேன். வருகிறேன் என்றார்.

விழா முதலில் சித்திரையில் நடப்பதாக இருந்தது. ‘மாலை நான்கு மணிக்கு, தொடர்ந்து சிற்றுண்டி’ என்று அழைப்பிதழ் எழுதிக் கொடுத்தேன். அச்சகத்தில் மிஷின் படுத்துக்கொண்டதில் விழா கார்த்திகைக்குத் தள்ளிப்போனது. நான் தேதியை மாற்றினேன், நேரத்தை மாற்றவில்லை. வேறு யாராவது செய்திருந்தால் இது ஒரு தவறே இல்லை. ஆனால் நாங்கள் ஜைனர்கள். பொழுது சாய்ந்துவிட்டால் சாப்பாட்டைத் தொடமாட்டோம். சித்திரையில் சூரியன் ஆற அமரத்தான் போவார். கார்த்திகையிலோ கடைசி பஸ்ஸைப் பிடிக்கிறவர் மாதிரி ஓடிவிடுவார்.

அம்மாவுக்கு இது தெரியும்.

“ஏம்மா, மொதல்ல பந்தி போட்டுட்டு அப்புறம் புஸ்தகத்த வச்சிக்கலாமே?”

“இது இலக்கியக் கூட்டம்மா. காதுகுத்து இல்ல.”

“எதுவா இருந்தா இன்னா? வயிறு ஒண்ணுதானே?”

நவீனக் கொம்பு ஆடியது. அம்மா வடைக்குக் கணக்குப் பார்க்கப் போய்விட்டாள்.

நாலு மணிக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. (இலக்கிய வாசகர்களா என்று கேட்காதீர்கள். அத்தனை பேரும் அத்தை, மாமா, சித்தப்பா வகையறா.) விமர்சகரைக் காணோம். ஸ்ரீபெரும்புதூரில் மழையில் பஸ் மாட்டிக்கொண்டதாம். பின்கட்டில் வடை வேகும் வாசனை வேறு வந்துகொண்டிருந்தது. தரணேந்திரன் மாமா தாமாகவே முன்வந்து வாசலில் நின்று சூரியனைக் கண்காணிக்கத் தொடங்கினார்.

“தென்னமரத்துக்கு மேலதான் இருக்குது.”

“எறங்கிக்கினு இருக்குதுபா.”

இந்தச் செய்திகள் வரிசை வரிசையாகக் கிசுகிசுக்கப்பட்டு மேடை வரைக்கும் வந்தன.

ஐந்து மணிக்கு மேல் விமர்சகர் வந்து இறங்கினார். அம்மா ஓடிப்போய், “ஐயா, மொதல்ல ரெண்டு வாய் சாப்பிட்டுடுங்க” என்றாள். அவர் பார்வை ஒரு கணம் பின்கட்டுப் பக்கம் போனது. நான் குறுக்கே விழுந்து, “சார் பேசிட்டுத்தான் சாப்பிடுவார்” என்றேன்.

அவர் உலகச் சிறுகதை பிறந்த கதையிலிருந்து ஆரம்பித்தார். கடல் கடந்து, மலை கடந்து, ஒருவழியாக என் புத்தகத்துக்கு வந்தார். “மன்னிக்க வேண்டும். இந்தக் கதைகளில் உயிர் இல்லை. இத்தனை பனியிலும் எனக்குக் குளிரவே இல்லை” என்றார்.

அதே நொடியில் வாசலில் தரணேந்திரன் மாமா, பொழுது சாயப்போகிறது என்று கையைத் தூக்கினார்.

மொத்த மண்டபமும் எழுந்தது. ஒரு கூச்சல் இல்லை, தள்ளுமுள்ளு இல்லை. எறும்புக்கும் தீங்கு நினைக்காத கூட்டம் அல்லவா, பந்திக்கு ஓடுவதையும் சத்தமில்லாமல்தான் செய்யும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மண்டபத்தில் நானும் விமர்சகரும் மைக்செட்காரரும் மட்டும் மிச்சம்.

விமர்சகர் முகம் வெளுத்துவிட்டது. “ரொம்பக் கடுமையாப் பேசிட்டேனோ?” என்றார்.

வடை சாப்பிடப் போயிருக்கிறார்கள் சார் என்று சொல்லியிருக்கலாம். வெட்கம் பிடுங்கித் தின்றது. “என் வாசகர்கள் கொஞ்சம் உணர்ச்சிவசப்படுறவங்க சார்” என்றேன். நான் படைத்த முதல் உருப்படியான புனைவு அதுதான்.

கொஞ்ச நேரத்தில் எல்லாரும் கை துடைத்துக்கொண்டு திரும்பி வந்து, நிறைந்த வயிற்றோடு அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். மன்னித்துவிட்டார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, என்னை நாலு வார்த்தை புகழ்ந்து சட்டென்று முடித்துக்கொண்டார். கைதட்டல் கூரையைப் பிளந்தது.

“அம்மா, சாருக்கு இலை போடு” என்றேன்.

“இன்னாத்தப் போடறது? பொழுது போயிடுச்சேன்னு மீந்ததெல்லாம் குடுத்தனுப்பிட்டேன். அண்டாவக்கூடக் கழுவி கவுத்தாச்சு.”

பட்டு அங்கவஸ்திரம் போர்த்தி, வெறும் வயிற்றோடு அவரைப் பஸ் ஏற்றினோம். நாவல் பழைய பேப்பர்தான் என்று அன்றைக்கே அழுது முடித்தேன்.

ஆனால் பதிப்பாளரிடமிருந்து போன் வந்தது. “உங்களை ஒரு வார்த்தை சொன்னதுக்கு மண்டபமே வெளிநடப்பு செஞ்சுதாமே! சார் அசந்துட்டார். இப்படி வாசகர்கள் இருக்கிற எழுத்தாளரை விடலாமா?” நாவல் வந்தது. (விற்றதா என்று கேட்காதீர்கள். அதிலும் பனிதான்.)

பல வருடங்கள் கழித்து, பனியை எல்லாம் விட்டுவிட்டு நடந்ததை நடந்தபடி எழுதப் பழகிய பிறகு, இந்த விழாவைப் பற்றி ஒரு பத்திரிகையில் எழுதினேன். ‘அருமையான கற்பனை’ என்று வாசகர்கள் பாராட்டினார்கள். விமர்சகர் போன் செய்தார்.

“அப்போ, அவங்க கோவிச்சுக்கிட்டுப் போகலையா?”

“சாப்பிடப் போனாங்க சார்.”

“எல்லாருமா?”

“எல்லாரும் சார்.”

“என்ன போட்டீங்க?”

“சேமியா கேசரி, எலுமிச்சம்பழ சாதம், வடை...”

“அந்த வடை வாசனையிலதாம்மா உன் கதைங்க மேல எனக்கு அவ்வளவு கோவம் வந்தது” என்றார். ஆக, அந்தக் கதைகளில் உயிர் இருந்ததா இல்லையா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

அம்மாவுக்கு மட்டும், வீட்டுக்கு வந்த மனிதரைப் பட்டினி போட்டு அனுப்பியது ஆறவே இல்லை. அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷமானாலும் பந்திக்கு முன்னால் ஓர் இலை தனியாக விழும். போட்டோக்காரரோ மேளக்காரரோ, வேலையில் சாப்பாட்டைத் தவறவிடக்கூடிய யாரையாவது பிடித்து அதில் உட்காரவைப்பார்கள். “விமர்சகர் இலை போட்டாச்சா?” என்று தரணேந்திரன் மாமா கேட்காமல் தாலி ஏறாது.

சமீபத்தில் ஒரு வளைகாப்பில், குடும்பத்துக்குப் புதிதாக வந்த மருமகள் பயபக்தியோடு அம்மாவிடம் கேட்டாள்: “அத்தை, விமர்சகர்னா எந்த சாமி?”

அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “பசியோட வுட்டா சாபம் குடுக்கிற சாமிமா.”