செம்பின் மேல் ஒரு முத்திரை

அந்த முத்திரையைக் கொண்டுபோய் அங்கே ஒட்டிய மகானுபாவரே, உங்களைத்தான்! பசை பிடித்ததா என்று பெருவிரலால் அழுத்தி வேறு பார்த்திருக்கிறீர்கள். உங்கள் கடமையுணர்ச்சியால் ஒரு பட்டறைக்காரர் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

உரிமம் வழங்கும் அலுவலகத்தில் இருந்தது ஒரே கணினி. அதன் ப்ராசஸர் சூடேறி, ஒன்பது நிமிடத்துக்கு ஒருமுறை அணைந்துவிடும். ஓர் உரிமம் அச்சாகப் பத்து நிமிடம் வேண்டும். ஆகவே எட்டு மாதமாக எவருக்கும் உரிமம் மறுக்கப்படவில்லை, வழங்கப்படவும் இல்லை.

பட்டறைக்காரரின் உரிமம் அன்று மாலை ஐந்து மணியோடு காலாவதி. பிறகு பட்டறைக்குப் பூட்டு. தகரம் வெட்டியே ஆளானவர், கோபம் மூக்குநுனியில். இந்த நாள் வரும் என்று தெரிந்து, போன மாதமே அந்தக் கணினிக்கு ஒரு குளிர்விப்பானைத் தானே செய்து கொடுத்திருந்தார். ப்ராசஸரின் மேல் உட்கார்ந்து சூட்டை வாங்க, முகம் பார்க்கும் அளவுக்குத் தேய்த்த செம்புத் தட்டு. சூட்டை மேலே ஏற்ற நான்கு செம்புக் குழாய்கள். அதை ஆற்ற ஐம்பத்திரண்டு அலுமினியத் தகடுகள், பக்கத்தில் ஒரு விசிறி.

மேலதிகாரி அதைச் சுற்றிவந்து ஒரே ஒரு தொழில்நுட்பக் கேள்வி கேட்டார்.

"கலர் லைட் இல்லையா?"

"லைட்டுக்கும் சூட்டுக்கும் என்ன சார் சம்பந்தம்?"

"என் மச்சினன் வீட்டுக் கம்ப்யூட்டர் ஏழு கலர்ல மின்னுது. நாங்க மட்டும் இருட்டுல கிடக்கணுமா?"

லைட்டும் வைத்தாயிற்று. உரிமம் முடியும் அன்றுதான் பொருத்தினார்கள். கணினி இப்போதும் ஒன்பதாவது நிமிடத்தில் அணைந்தது. ஏழு வண்ணத்தில் அணைந்தது என்பது மட்டுமே முன்னேற்றம்.

மணி நாலே கால். பட்டறைக்காரர் திருகாணிகளைக் கழற்றித் திருப்பிப் பார்த்தார். பளபளக்கும் செம்பை முழுக்க மூடி, அட்டை கனத்தில் ஒரு பிளாஸ்டிக் முத்திரை: அலுவலகச் சொத்து.

"யாருய்யா இதை இங்க ஒட்டினது?"

அலுவலகம் முழுவதும் கோப்புகளில் ஆழ்ந்தது.

"முத்திரையைச் சமமான, வழவழப்பான பரப்பில ஒட்டணும்னு விதி," என்றார் மேலதிகாரி. "இதைவிட வழவழப்பா வேற இடம் நீங்க வைக்கலையே."

"கம்பளியைப் போத்திவிட்டு, குளிருதா குளிருதான்னு பாக்குறீங்களே சார்! உரிச்சிடறேன்."

"தொடாதீங்க! முத்திரையை அகற்றுறது சொத்தைச் சேதப்படுத்துற மாதிரி."

பட்டறைக்காரர் பேரத்தில் இறங்கினார். "சரி, பாதி உரிக்கிறேன்."

"பாதிச் சேதம்."

"ஒரு மூலை? ஒரே ஒரு மூலை சார்!"

"அனுமதி இருந்தா முழுசாவே உரிக்கலாம். அனுமதிக் கடிதம் இந்தக் கம்ப்யூட்டர்லதான் அச்சாகும்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"பத்து நிமிஷம்."

குளிர்விப்பானை முத்திரையோடேயே திரும்ப மாட்டிவிட்டு, வரிசையில் நின்றவர்களைப் பார்த்துப் பட்டறைக்காரர் கத்தினார்: "வேடிக்கை பாக்காதீங்கய்யா! விண்ணப்பத்தை எடுத்து விசிறுங்க!"

இருபது பேர் கணினியைச் சூழ்ந்துகொண்டு விசிறினார்கள். எட்டு மாத விண்ணப்பங்கள் அன்றுதான் முதன்முறையாக அசைந்தன. ஒன்பதாவது நிமிடம் தாண்டியது. பத்தாவது நிமிடம், நாலு ஐம்பத்தெட்டுக்கு, பட்டறை உரிமம் வெளியே வந்தது. கூட்டம் கைதட்டியது, கைதட்டியதால் விசிறல் நின்றது, கணினி அணைந்தது.

மறுநாள் இரண்டு ஆணைகள். ஒன்று: விண்ணப்பங்கள் இனிமேல் கெட்டி அட்டையில் இருத்தல் வேண்டும். மக்கள் முணுமுணுத்துக்கொண்டே போய் அட்டை வாங்கினார்கள். இரண்டு: எல்லாக் கிளைகளுக்கும் முந்நூறு குளிர்விப்பான்கள், அவற்றைச் செய்யும் பட்டறைக்காரரே முத்திரையையும் ஒட்டித் தரவேண்டும்.

"முடியவே முடியாது!" என்று மேசையைக் குத்தினார் பட்டறைக்காரர்.

"உரிமம் அஞ்சு வருஷத்துக்கு," என்றார் மேலதிகாரி.

"பத்து."

"ஏழு."

"லைட்டு நீங்க சொல்ற கலர்ல," என்றபடி கையெழுத்திட்டார்.

இப்போது அவர் பட்டறையில் உட்கார்ந்து, கண்ணாடி போல் தேய்த்த செம்பின் மேல் ஒவ்வொன்றாக ஒட்டுகிறார். பசை பிடித்ததா என்று பெருவிரலால் அழுத்தியும் பார்க்கிறார்.

ஆகவே, முதல் முத்திரையை ஒட்டிய மகானுபாவரே! உங்கள் கூட்டம் பெருகிவிட்டது. நீங்களோ, அவரோ, அட்டையோடு வரிசையில் நிற்கிறவரோ, யாராவது ஒருவர் நகத்தை வைத்து அதை உரித்துத் தொலையுங்கள்!