மச்சானின் எண்ணெயும் என் கழுத்தும்

இராயபுரம்,
14-6-2002.

மரியாதைக்குரிய மச்சான் ஜெரால்ட் அவர்களுக்கு, ஹென்றி எழுதிக்கொள்வது. இங்கு நானும் தங்கள் தங்கை அடைக்கலமேரியும், என் கழுத்து நீங்கலாக, நலம். அங்கு தாங்கள் முழுவதுமாக நலமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன்.

தீப்புண் முதல் மூட்டுவலி வரை எல்லாவற்றுக்கும் கேட்கும் வைத்தியர் எண்ணெயோடு ஞாயிறன்று தூத்துக்குடியிலிருந்து வருவதாகப் போனில் சொன்னீர்களாம். தாங்கள் அவசியம் வரவும். எண்ணெய் வேண்டாம். இந்த ஒரு வரிக்காக மூன்று தாள் கிழித்தேன்.

தொண்டைக் கட்டிக்கு ஆஸ்பத்திரியில் முப்பத்தைந்து தடவை கதிர் (ரேடியேஷன்) வைக்கவேண்டும். இன்னும் பதினொன்று பாக்கி. கழுத்துத் தோல் கறுத்து உரிகிறது. அது வெடித்துப் புண்ணானால் நிறுத்திவிடுவார்களாம், நிறுத்தினால் கட்டி நமக்காகக் காத்திருக்காதாம். ஆகவே சோப்பு, பவுடர், சவரம், இறுகிய காலர் கூடாது, டாக்டர் கொடுத்த களிம்பு தவிர எதுவும் தடவக்கூடாது என்று வரிசை எண் போட்டு எழுதி வாசற்கதவில் ஒட்டினேன். வந்தவர்கள் எல்லாரும் நின்று படித்தார்கள். படித்துவிட்டு உள்ளே வந்து தடவினார்கள். பக்கத்து வீட்டு சாபிரா, "இன்னா பெரீவரே, கரண்டு வெச்சி இப்டி சுட்டுகீறானுங்க, சொம்மா குந்திகினு கீறீங்களே!" என்று டூத்பேஸ்ட்டோடு வந்து என் கழுத்துக்குப் பல் விளக்கிவிட்டார். மறுநாள் எங்கள் தெரு ஜெபக்குழுவான அன்பியத்துப் பெண்கள் ஜெபமாலை சொல்லி, மந்திரித்த எண்ணெய் பூசினார்கள். அதைத் துடைத்தால் பாவமா என்று ஃபாதரைக் கேட்கவும் பயம், துடைக்கவும் பயம், அப்படியே படுத்துவிட்டேன், காலையில் பார்த்தால் கதிர் விழவேண்டிய இடத்துக்கு ஆஸ்பத்திரியில் போட்ட ஊதாக் கோட்டைக் காணோம். நான்தான் துறைமுகத்தில் முப்பத்தெட்டு வருஷம் சரக்குக் கணக்குப் பார்த்தவனாயிற்றே, பெட்டியில் அடையாளம் அழிந்தால் மறுபடி எழுதாமல் நகர்த்தவிடுவேனா? கண்ணாடி முன்னால் நின்று, அடிக்கோல் வைத்து, நானே போட்டுக்கொண்டேன். நல்ல நேர்கோடு. இரண்டு விரற்கடை தள்ளி.

மெஷின் இயக்கும் கிருஷ்ணப்பன் பார்த்ததும் கத்தினார்: "இன்னா நைனா, நீயே கோடு போட்டுக்கினா நான் இங்க எதுக்கு கீறேன்? கட்டி ஒரு பக்கம் கீது, நீ வேற பக்கம் காட்டிகினு கீறே! இனிமே கழுத்துல ஒரு சொட்டு எண்ணெ பாத்தேன், வூட்டுக்குத் திருப்பி அனுப்ச்சிருவேன், ஆமா!"

மறுபடி அளந்து கோடு போட இரண்டு நாள் வீணாயிற்று. இன்னொரு இரண்டு நாளை என் தொண்டை தாங்காது, மச்சான். இதுவரை நான் யாரிடமும் வேண்டாம் என்று சொன்னதில்லை. இதுதான் முதல். கோபிக்கவேண்டாம்.

அக்காளுக்கும் பிள்ளைகளுக்கும் ஆண்டவர் குறைவில்லாமல் கொடுப்பாராக.

பணிவுள்ள,
ஹென்றி

பி.கு.: இன்று காலை தங்கள் எண்ணெயைப் பற்றிக் கிருஷ்ணப்பனிடம் முறையிட்டேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, "மூட்டுக்குக் கேக்கும்னா சொன்னே, நைனா?" என்றார். கேட்கும் என்று சொல்லிவிட்டேன். ஆகவே மேற்கண்டதை ரத்து செய்து, இரண்டு புட்டியாகக் கொண்டுவரவும். வீட்டுக்கு வராமல் நேரே ஆஸ்பத்திரிக்கு வந்து அவர் கையிலேயே கொடுத்துவிடவும். தன் முழங்காலில் தடவிய கையைக் கழுவிவிட்டு என் கழுத்தைத் தொடும்படி தாங்களே அவரிடம் சொல்லவும். எனக்குப் பயமாயிருக்கிறது.