மூன்று தடவை படித்ததற்கு மன்னிப்பு இல்லை

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம். நேற்று நீங்கள் போனில் போட்ட சத்தத்தில் அம்மாவுக்கு மட்டும் பிரஷர் கொஞ்சம் ஏறியிருக்கிறது; நானே பார்த்தேன். அங்கே அத்தையும் பிள்ளைகளும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். உங்கள் பிரஷரை விசாரிக்கவில்லை, அது இங்கே வரைக்கும் கேட்டது.

"மேனேஜர்கிட்ட மன்னிப்பு கேட்டு ரெண்டு வரி எழுதிக் குடு, இல்லேன்னா என் மூஞ்சியில முழிக்காதே" என்றீர்கள். எழுதத்தான் உட்கார்ந்தேன். மன்னிப்பு வரவில்லை, இதுதான் வருகிறது.

நான் வேலை வேண்டாம் என்கிறவள் இல்லை, மாமா. நர்ஸ் படிப்பை முடித்த கையோடு முதலில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். டாக்டரம்மா என் சான்றிதழைப் பார்த்துவிட்டு, "இங்க நாம எல்லாரும் ஒரே குடும்பம்மா" என்றார். சம்பளம் கேட்டேன். "குடும்பத்துல யாராவது சம்பளம் கேப்பாங்களா? ஒரு வருஷம் கத்துக்கோ, அனுபவம்தான் சம்பளம்" என்றார். அனுபவத்தை நீட்டினால் பஸ்ஸில் டிக்கெட் கொடுப்பார்களா என்று கேட்டேன், அவ்வளவுதான், குடும்பத்திலிருந்து தள்ளி வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகுதான் உங்கள் நண்பர் மேனேஜராக இருக்கும் ஆஸ்பத்திரி. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு வாளி வைத்த அறையில் ஐந்து பெண்கள் ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மேனேஜர் எங்கள் அசல் சான்றிதழ் ஃபைல்களை மேஜைமேல் அடுக்கி வைத்துக்கொண்டு ஆளுக்கொரு ஒப்பந்தத்தைக் கொடுத்தார். "படிக்கறதுக்கு ஒண்ணுமில்லம்மா, எல்லாரும் போடற கையெழுத்துதான்." இங்கேதான் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பயிற்சியில் எந்த மருந்தின் லேபிளையும் மூன்று தடவை படிக்க வேண்டும்: அலமாரியிலிருந்து எடுக்கும்போது, அளக்கும்போது, திரும்ப வைக்கும்போது. அதுவும் வாய்விட்டு. மனசுக்குள் படித்தால் மேட்ரன் பின்னாலிருந்து குட்டுவார். அந்தப் பழக்கம் லேசில் போகுமா? ஒப்பந்தத்தைக் கையில் வாங்கினேன், வாய் தானாகத் திறந்துகொண்டது.

பயிற்சிக் காலம் முடியும்வரை பாதிச் சம்பளம், அது எப்போது முடியும் என்பதை நிர்வாகம் சொல்லும். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து அடுத்த ஆள் வராவிட்டால் பகல் ஷிஃப்டும் அவளே. சான்றிதழ்கள் ஐந்து வருஷம் ஆஸ்பத்திரி பீரோவில். நடுவில் நின்றால் ஜாமீன் போட்டவர் நஷ்டத்தைக் கட்ட வேண்டும். முதல் தடவை படித்தபோது யாரும் கவனிக்கவில்லை. இரண்டாம் தடவை பெஞ்சில் பேனாக்கள் நின்றன. மூன்றாம் தடவை கடைசி வரிக்குக் கீழேயும் பார்த்தேன். ஜாமீன் இடத்தில் வாலைச் சுழித்த உங்கள் கையெழுத்து! ஒரு வரிகூடப் படிக்காமல் முன்கூட்டியே போட்டுக் கொடுத்திருக்கிறீர்கள்.

"ஏம்மா, நீ வேலைக்கு வந்தியா, கூட்டம் போட வந்தியா?" என்று மேனேஜர் எழுந்துவிட்டார்.

"மருந்தா இருந்தா மூணு தடவை படிப்பேன் சார். விஷமா இருந்தாலும் அதே மூணு தடவைதான்" என்றேன். பக்கத்தில் இருந்தவள் எழுந்து தன் ஃபைலை உருவிக்கொண்டாள், மற்ற மூவரும் அப்படியே. என் ஃபைலை மட்டும் அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்து இழுத்ததில் வாளி கவிழ்ந்து அவர் செருப்பு நனைந்தது. அந்த ஈரத்துக்குத்தான் நான் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம்.

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. "பொட்டப்புள்ளைக்கு இதுவே ஜாஸ்தி" என்று நீங்கள் சொன்னீர்களே, அதுதான் வலிக்கிறது. அந்த ஆஸ்பத்திரி வாசலை இனி மிதிக்க மாட்டேன். நீங்கள் கேட்டபடி உங்கள் முகத்திலும் முழிக்க மாட்டேன்.

அத்தைக்கு என் வணக்கம், சின்னதுக்கு முத்தம். மன்னிப்பு இல்லாமலே கிடைக்குமென்றால் உங்கள் ஆசீர்வாதத்தை அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
தலைக்கனம் பிடித்த மருமகள்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் மேனேஜர் போன் செய்துவிட்டார். வார்டில் ஆள் இல்லாமல் அவரே குளுக்கோஸ் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு ஓடுகிறாராம். முழுச் சம்பளம், ஒரே ஷிஃப்ட், சான்றிதழ் எங்களிடமே. ஐந்து பேரும் திங்கட்கிழமை சேருகிறோம். ஆகவே வாசலை மிதிக்க மாட்டேன் என்ற வரியை அடித்துவிடவும். முகத்தில் முழிக்க மாட்டேன் என்பதையும்தான், ஏனென்றால் புது ஒப்பந்தத்துக்குச் சாட்சிக் கையெழுத்து வேண்டுமாம், ஜாமீன் இல்லை, வெறும் சாட்சி. ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வாருங்கள். பேனா நான் தருகிறேன், நீங்கள் மூன்று தடவை வாய்விட்டுப் படித்த பிறகு.