கமிட்டி மேஸ்திரியின் எட்டாவது மூட்டை

நெல் மூட்டையையும் குழந்தையையும் ஒரே சட்டத்தின் கீழ் நடத்திய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் எனக்கு அடுத்த வீட்டில் குடியிருந்தார்.

ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் அவருக்கு ஒன்று உண்டு. அது ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும். செஞ்சி மார்க்கெட் கமிட்டியில் மூட்டை தூக்குகிற ஆட்களுக்கு மேஸ்திரி என்பதால் ஊருக்கு அவர் கமிட்டி மேஸ்திரி. விவசாயிகள் நெல்லும் மல்லாட்டையும் கொண்டுவந்து விற்கிற இடம் கமிட்டி. வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்று பெயர். அங்கே லாரிக்குச் சாய்த்துப் போட்ட பலகை மேல், முதுகில் மூட்டையோடு ஆட்கள் வரிசையாக ஏறுவார்கள். அந்த வரிசைக்கு மேஸ்திரி ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தார். முன்னால் போகிறவன் மூட்டை சரிந்தால், கேள்வி பின்னால் வருகிறவனுக்கு.

"அவன் முதுகு அவனுக்கு எப்படிடா தெரியும்? பின்னாடி வர்ற உனுக்குக் கண்ணு இன்னாத்துக்கு இருக்குது?" என்பார்.

இதே சட்டத்தை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். வீட்டில் ஏழு பிள்ளைகள். மூத்தவள் ஸ்டெல்லாவுக்குப் பதின்மூன்று வயது, கடைக்குட்டி ரோஸிக்கு நாலு. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கிளம்பினால் ரோஸி முதலில் நடப்பாள். அவளுக்குப் பின்னால் ஆறாவது பிள்ளை ஜெரால்டு, அப்படியே வளர்ந்துகொண்டே போய்க் கடைசியில் ஸ்டெல்லா. எல்லோருக்கும் பின்னால் மேஸ்திரி, லாரியில் லோடு ஏற்றுகிற அதே முகத்தோடு. ஒவ்வொருவரும் தனக்கு முன்னால் போகிறவருக்குப் பொறுப்பு.

இந்த ஏற்பாட்டில் தப்பு செய்தவன் திட்டு வாங்கியதே கிடையாது. ஜெரால்டு சாக்கடையில் விழுந்தால் ஐந்தாவது பையனுக்கு விசாரணை. ஜெரால்டு பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பையனைக் கடித்துவிட்டான் என்று டீச்சர் கூப்பிட்டு அனுப்பியபோது, மேஸ்திரி ஐந்தாவது பையனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய் நின்றாராம்.

"டீச்சர், கடிச்சது இவன்தான். ஆனா தப்பு அவன் மேல."

"அவன் வேற கிளாஸுங்க. அவன் அங்க இல்லவே இல்லையே!"

"அதான் டீச்சர் தப்பு."

டீச்சர் அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் யாரைப் பற்றியும் புகார் சொன்னதில்லை.

புகாரும் கோரிக்கையும் இந்த வரிசையிலேதான் மேலே போக வேண்டும். ரோஸிக்குத் தாகம் எடுத்தால் ஜெரால்டிடம் சொல்ல வேண்டும். அவன் ஐந்தாவதிடம் சொல்வான். இப்படியே ஸ்டெல்லா வரைக்கும் போய், அவள் சொம்பில் தண்ணீர் மொண்டு அனுப்பி, அது ஆறு கை மாறி வருவதற்குள் ரோஸி என் வீட்டு வாசல் பக்கெட்டில் கையை விட்டுக் குடித்திருப்பாள். சனிக்கிழமை குளியலிலும் அப்படித்தான். பொடிசுகள் ஒருவர் முதுகை ஒருவர் தேய்க்க, சோப்பு பின்னாலிருந்து முன்னால் வரும். ரோஸி கைக்கு வரும்போது அது வெற்றிலை கனத்துக்கு இருக்கும்.

நான் தனி ஆள். பேருந்து நிலையத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. எங்கள் தெரு நிலையத்துக்கு நேர் பின்னால் இருக்கிறது. யாரிடமும் அதிகம் பேசிப் பழக்கமில்லை. பத்தாவது முடித்த பிறகு நான் சத்தமாகப் பேசிய சந்தர்ப்பம் எதுவும் ஞாபகத்தில் இல்லை. ஆகவே இதையெல்லாம் ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில் மேஸ்திரியின் மனைவி அமலா ஷூ கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். விடியற்காலை கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும். சாயங்காலம் ஆறு மணிக்குப் பேருந்து நிலையத்தில் இறக்கிவிடும். போகிற முதல் நாளே அவள் தெருவுக்கே கேட்கிற மாதிரி ஒரு நிபந்தனை போட்டாள்.

"ஏழையும் எப்படி விட்டுட்டுப் போறேனோ அப்படியே இருக்கணும். என்னிக்காவது ஒண்ணு காணோம்னு கேள்விப்பட்டேன், அன்னியோட வேலைய விட்டு நின்னுடுவேன்."

"கமிட்டில இதுவரைக்கும் ஒரு மூட்டை காணாமப் போயிருக்குதா?" என்றார் மேஸ்திரி.

"மூட்டைக்குக் காலு இல்ல" என்றாள் அமலா.

வேலையை விட அவளுக்குக் கொஞ்சமும் மனசில்லை. ஒரு நாள் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் என்னிடம் சொன்னாள். "பஸ்ஸுல ஜன்னல் சீட்டுண்ணா. போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் தூங்கறேன். யாரும் மேல ஏறி உக்கார்றதில்ல." பதின்மூன்று வருடமாகக் கிடைக்காததைப் பற்றிச் சொல்கிறாள் என்பது எனக்கே புரிந்தது.

அதனால் மேஸ்திரி சட்டத்தை இன்னும் இறுக்கினார். தினமும் ஐந்தரை மணிக்கு, அமலா வருவதற்குள், பிள்ளைகள் தலை சீவி முடித்திருக்க வேண்டும். ஏழு பேரும் வாசலில் ரயில் பெட்டி மாதிரி ஒருவர் பின் ஒருவராக உட்காருவார்கள். ஸ்டெல்லா தனக்கு முன்னால் நெளிகிற தங்கைக்குச் சீவ, அவள் அடுத்தவனுக்குச் சீவ, ஜெரால்டு ரோஸிக்குச் சீவுவான். ரோஸி கையிலும் ஒரு சீப்பு இருக்கும். அவளுக்கு முன்னால் யாரும் இல்லை. அவள் காற்றைச் சீவிக்கொண்டிருப்பாள்.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்.

"நைனா, எனுக்கு யாரு?"

மேஸ்திரி நியாயவான். கோழியைக் கொடுத்தார். கோழி இரண்டு நாள் சீவிக்கொண்டது. மூன்றாவது நாள் மதில் ஏறிக் குதித்து, நாலு வீடு தள்ளிப் போய் அங்கேயே முட்டை போட ஆரம்பித்துவிட்டது. ரோஸி அழுதுகொண்டிருந்த அந்த நேரத்தில்தான் நான் டிபன் பாக்ஸோடு தெருவில் வந்தேன். மேஸ்திரி என்னை மேலிருந்து கீழ் வரைக்கும், எடை போடுகிற மாதிரிப் பார்த்தார்.

"இதோ வர்றாரு பாரு ஜெராக்ஸ் மாமா. அவரு உனுக்கு."

"இல்லீங்க மேஸ்திரி, நான்…"

"உங்க பின்னாடி யாராச்சும் இருக்காங்களா சார்? இல்லல்ல? உக்காருங்க."

உட்கார்ந்தேன். மறுத்துப் பேச நாலைந்து வாக்கியம் தேவைப்படும். அவ்வளவு என்னிடம் இல்லை. நாற்பத்தெட்டு வயதில், தெருவில் சப்பணம் போட்டு, ரயிலுக்கு எஞ்சினாக உட்கார்ந்து, நாலு வயதுக் குழந்தையிடம் தலையைக் கொடுத்தேன். என் தலையில் சீவ அதிகம் கிடையாது. அதனால் அவள் வேலை சீக்கிரம் முடியும். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

"மாமா, சாப்டியா?"

"ம்."

"இன்னா சாப்ட?"

"தயிர் சாதம்."

"கைய காட்டு." நகத்தைப் பார்த்துவிட்டு, "ம், சரி" என்பாள்.

கடைசியில் எண்ணிக்கை. மேஸ்திரி லோடு முடிந்ததும் லாரியைச் சுற்றி வருகிற மாதிரி வருவார். ஸ்டெல்லா "ஒண்ணு" என்று ஆரம்பிக்க, ரோஸி "ஏழு" என்று கத்துவாள். அதற்கப்புறம் எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். நான் உதட்டை மட்டும் அசைப்பேன்.

"மூட்டை இருக்குது, சத்தம்தான் காணோம்" என்பார் மேஸ்திரி. "சரி, போய்க்கலாம்."

இது எப்படியோ கடை வரைக்கும் பரவியது. ஆதார் கார்டு ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒருவர், "இன்னா எட்டு, நல்லாருக்கியா?" என்று கேட்டுவிட்டார். பக்கத்து டீக்கடைக்காரர் சிரித்தார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அன்று வேலை முடிந்ததும் நான் வீட்டுக்குப் போகவில்லை. சிங்கவரம் போகிற டவுன் பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏறி உட்கார்ந்தேன். சிங்கவரம் வந்ததும் எல்லோரும் இறங்கினார்கள். நான் இறங்கவில்லை.

"இன்னா சார், யாரைப் பாக்க வந்தீங்க?" என்றார் கண்டக்டர்.

"யாரையும் இல்ல. திரும்பப் போகத்தான்."

அவர் இன்னொரு டிக்கெட் கிழித்தார். நாலு வயதுக் குழந்தைக்குப் பயந்து ஊரை விட்டு ஓடிய ஆள் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் பஸ் செஞ்சிக்குத் திரும்பியது. இறங்கியதும் டீக்கடைக்காரர் கையை ஆட்டிக் கத்தினார்.

"யோவ் ஜெராக்ஸு! எங்கய்யா போன? கொழந்த அரை மணி நேரமா மாமாவைக் காணோம், மாமாவைக் காணோம்னு ஸ்டாண்டு பூரா கேட்டுட்டு இருக்குது! பன்னு குடுத்து உக்கார வெச்சிருக்கேன்."

கடை ஷட்டருக்கு முன்னால் ரோஸி உட்கார்ந்திருந்தாள். ஒரு கையில் பன், இன்னொரு கையில் சீப்பு. அழவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து இடுப்பில் கை வைத்தாள்.

"யாருகிட்ட சொல்லிட்டுப் போன?"

நான் பதில் தேடுவதற்குள் தெரு முனையிலிருந்து மேஸ்திரி ஓடி வந்தார். அவருக்கு முன்னால் ஆறு பிள்ளைகள். அந்தப் பதற்றத்திலும் வரிசை கலையவில்லை. ஆனால் முதலில் ஓடி வந்த ஜெரால்டுக்கு முன்னால் ஓர் ஆள் இடம் காலியாக இருந்தது. அவன் வாய்விட்டு அழுதுகொண்டே வந்தான். மேஸ்திரி நூறு கிலோ சுமந்தவர் மாதிரி வியர்த்திருந்தார். ரோஸியைப் பார்த்ததும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்துக் கம்பெனி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு உள்ளே வந்தது.

அமலா தூங்கி எழுந்த முகத்தோடு இறங்கினாள். எங்கள் எல்லோரையும் பார்த்தாள். தூக்கம் போய்விட்டது.

"இன்னா நடந்துச்சு?"

"ஒண்ணுமில்ல" என்றார் மேஸ்திரி, தரையிலிருந்தபடியே. "உன்னைக் கூட்டிட்டுப் போலாம்னு சும்மா வந்தோம்."

"மூணு மாசமா வராத ஆளு. இவன் ஏன் அழுவறான்?"

பஸ்ஸில் அவள் உட்கார்ந்திருந்த ஜன்னலை நான் பார்த்தேன். அது இனிமேல் வேறு யாருக்கோ போகப் போகிறது. அதற்குக் காரணம் சிங்கவரம் டவுன் பஸ்.

ரோஸிதான் முன்னால் வந்தாள்.

"அம்மா, யாரும் காணாமப் போவல. மாமாதான் காணாமப் பூட்டாரு. நான் கண்டுபுட்ச்சிட்டேன்."

அமலா என்னைப் பார்த்தாள். பிறகு கணவரிடம் திரும்பினாள். "எண்ணுங்க."

மேஸ்திரி எழுந்து நின்றார். ஸ்டெல்லா மெதுவாக "ஒண்ணு" என்றாள். இரண்டு, மூன்று என்று வந்தது. ஜெரால்டு விக்கிக்கொண்டே "ஆறு" என்றான். ரோஸி பன்னை விழுங்கிவிட்டு "ஏழு" என்றாள்.

அமலா நகரவில்லை. "அப்புறம்?"

கம்பெனி பஸ் ஜன்னல்களில் எல்லாம் தலைகள். டீக்கடையில் கூட்டம். சிங்கவரம் கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு பார்த்தார். நான் உதட்டை அசைத்தேன். அது போதாது என்று எனக்கே தெரிந்தது.

"எட்டு!" என்றேன்.

பேருந்து நிலையத்துப் புறா நாலைந்து பறந்து போனதாக டீக்கடைக்காரர் இன்றைக்கும் சொல்கிறார். அவர் கொஞ்சம் கூட்டிச் சொல்கிற ஆள்.

அமலா பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். "நாளைக்குப் பஸ்ஸு கால் மணி முன்னாடியே வருதாம். சீக்கிரம் எழுப்பி விடுங்க" என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு நடந்தாள். மேஸ்திரி மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

வரிசையாக வீட்டுக்குத் திரும்பினோம். நான் முதலில், எனக்குப் பின்னால் ரோஸி, அப்புறம் மற்றவர்கள், கடைசியில் மேஸ்திரியும் அமலாவும். பாதி தூரத்தில் பின்னாலிருந்து ஏதோ ஒரு பேச்சு வாய் மாறி வாய் மாறி முன்னால் வந்தது. கடைசியில் ரோஸி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"மாமா, உன் சட்டை முதுகுல கிழிஞ்சிருக்குதாம். அம்மா தச்சுத் தர்றாங்களாம். நைனா சொல்லச் சொல்லுச்சு."

கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவிப் பார்த்தேன். ஆமாம், ஒரு விரல் நீளத்துக்குக் கிழிசல். ஓரமெல்லாம் நூல் பிரிந்து, பழையதாகவே இருந்தது. அந்தச் சட்டையை நான் இரண்டு வருடமாகப் போட்டுக்கொண்டிருந்தேன். அதுவரைக்கும் யாரும் சொன்னதில்லை.