காயில்காரரின் காது

கோயமுத்தூரில் ஓடுகிற மோட்டார்களில் பாதி காயில்காரர் கைபட்டவை. மீதிப் பாதி, அவர் வந்துவிடுவாரோ என்ற பயத்தில் ஓடிக்கொண்டிருப்பவை. கணபதியில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் அவர். எரிந்துபோன மோட்டார்களுக்குச் செம்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டுவது தொழில். சொந்தப் பேர் அவருடைய ரேஷன் கார்டுக்குத்தான் தெரியும். தெருவில் எந்த மிக்ஸி ஓடினாலும் நின்று, காதைச் சாய்த்து, "பேரிங் அழுவுதுங்க" என்று துக்கம் சொல்லிவிட்டுத்தான் நகர்வார்.

அவரைப் பார்த்து நான் வயிறெரிந்த ஒரு சனிக்கிழமையைச் சொல்கிறேன்.

ஆனைமலையில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் என் மாமனார் வந்திருந்தார். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவர் என்னிடம் பேசியது மொத்தமும் "ம்". ஃபியூஸ் போடத் தெரியாத மாப்பிள்ளையிடம் வேறென்ன பேசுவார்? டவுன்ஹால் பக்கத்துப் பழைய வீதிகளைச் சுற்றிக் காட்டி, வரலாறு சொல்லி, அவர் வாயால் ஒரு "பரவாயில்லையே" வாங்கிவிட வேண்டும் என்று மூன்று நாள் புத்தகமும் கையுமாக இருந்தேன். மனைவியையும் ஏற்றிக்கொண்டு கிளம்பும் நேரத்தில் காயில்காரர் காரை மறித்தார்.

"ஏனுங்க, டவுன்ஹாலுங்களா? கம்பி வாங்கோணும், நானும் வாரேனுங்க."

ராஜவீதியில் கூட்டம் நெருக்கித் தள்ளியது. கோயில் தேர் நிற்கும் தேர்முட்டி அருகே நின்று தொண்டையைச் செருமினேன். "மாமா, இந்த வீதிக்கு ஏன் இந்தப் பேருன்னா..."

"அந்தக் கரும்பு மிஷினைக் கேளுங்க," என்றார் காயில்காரர். "இன்னும் ரெண்டு நாளு தாங்காதுங்க."

மாமனார் காதைச் சாய்த்தார். "ஆமாங்க! எங்க தோப்பு மோட்டாரும் இப்படித்தானுங்க முனகுது."

எனக்கு ஆறு வருஷத்துக்கு ஒரு "ம்". அவருக்கு எடுத்த எடுப்பிலேயே முழு வாக்கியம்!

அடுத்த சந்தில் ஒரு சின்னப் பிள்ளையார் கோயில். தீபாராதனை நேரத்தில், தானாக அடிக்கும் மின்சார மேளம் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு நின்றுபோனது. காயில்காரர் இடுப்பிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை உருவினார். என் மாமனார், பார்த்தால் ஊரே எழுந்து நிற்கிற மனிதர், செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்தில் குந்தினார். மேளம் அதிர்ந்தது. பூசாரி பிள்ளையார் மாலையைக் கழற்றிக் காயில்காரர் கழுத்தில் போட்டார்.

"ஏனுங்க, அப்பா சிரிக்கிறாருங்க!" என்று மனைவி என்னை இடித்தாள். எனக்குப் பிள்ளையார் மேலேயே கோபம் வந்தது.

ஓட்டலிலும் மாமனார் காயில்காரர் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"மோட்டாரைத் தவிர வேற எதுவுமே உங்க காதுல விழாதுங்களா?" என்று கேட்டேவிட்டேன்.

"விழுதுங்களே," என்றார், கோபமே இல்லாமல். பிறகு மாமனாரிடம் திரும்பினார். "மூணு நாளா வெடியால நேரத்துல மாப்பிள்ளை இந்த ஊர்க் கதையை வாய்விட்டுப் படிக்கறாருங்க. ரெண்டு ஊட்டுக்கும் நடுவுல ஒத்தச் செவுருதானுங்க. எல்லாம் உங்களுக்குச் சொல்லத்தான். அதை மறந்துபோட்டு நான்பாட்டுக்குக் குறுக்க பேசிட்டே வந்துட்டனுங்க. சொல்லச் சொல்லுங்க, அருமையா இருக்குதுங்க."

மாமனார் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். "சொல்லுங்க மாப்பிள்ளை."

ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை. காயில்காரர்தான் மெதுவாக எடுத்துக் கொடுத்தார். "'அந்தக் காலத்துல இந்த ஊருல'ன்னு ஆரம்பிப்பீங்களே..."

சொல்லி முடித்தபோது மாமனார் "பரவாயில்லையே" என்றார். என்னைப் பார்த்துச் சொன்னாரா, அவரைப் பார்த்துச் சொன்னாரா என்று இன்றுவரை தெரியவில்லை.

இப்போது வேறு பக்கம் வீடு மாறி வந்துவிட்டோம். கணபதியில் நாங்கள் இருந்த வீட்டுக்கு யாரோ புதிதாகக் குடிவந்திருக்கிறார்களாம். யாராக இருந்தாலும் சரி, அவர்கள்மேல் எனக்கு ஒரே பொறாமை.