நகர்ந்துவிட்ட முறையீடு

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

நலம் என்று எழுதினால் பேனாவே சிரிக்கும். உங்கள் முழங்கால் வலியாவது குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

உங்கள் மருமகன், அதான் என் பிள்ளை, வெளிநாட்டிலிருந்து வரும்போது யாரோ கொடுத்தனுப்பிய மிக்ஸியைத் தூக்கிவந்து, அதற்குள் இருந்த தங்கத்தோடு சுங்க அதிகாரிகளிடம் மாட்டியது உங்களுக்குத் தெரியும். ஜாமீன் கிடைத்தது. மாற்றுச் சட்டையோடு நான் சிறை வாசலில் நிற்கிறேன், "வெளியே விட்டால் மறுபடி கடத்துவான்" என்று தடுப்புக் காவல் உத்தரவை உள்ளேயே அவன் கையில் கொடுத்துவிட்டார்கள். செய்யாத குற்றத்துக்கு முன்கூட்டியே ஒரு வருஷம், மச்சான்!

வக்கீல் ஆட்கொணர்வு மனு போட்டார். கூடவே, உத்தரவை ரத்து செய்யக் கோரி அரசாங்கத்துக்கு ஒரு முறையீடு. "நீங்க சும்மா வீட்ல இருங்க சார்" என்றார். குடிநீர் அலுவலகத்தில் காலமெல்லாம் கோப்பு நகர்த்தி ஓய்வு பெற்றவன் சும்மா இருப்பேனா? போய்ப் பார்த்தால் முறையீடு ஒரு மேசையில் தண்ணீர் பாட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. எனக்கு ரத்தம் கொதித்தது. குமாஸ்தாவிடம் கெஞ்சி, கண்காணிப்பாளரிடம் கத்தி, அதிகாரியின் வாசலில் பழியாய்க் கிடந்து, அந்த வாரமே முறையீட்டுக்குப் பதில் வாங்கிவிட்டேன். நிராகரிப்புதான். ஆனாலும் முத்திரையெல்லாம் கச்சிதம். பெருமையாகக் கொண்டுபோய் நீட்டினேன்.

வக்கீல் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்த கதையாப் போச்சே சார்! அது அங்கேயே தூங்கட்டும்னுதான விட்டேன்! முறையீட்டக் காரணமில்லாம தாமதம் பண்ணாங்கன்னு கோர்ட்டுல சொல்லி, அந்தத் தடுப்புக் காவல் உத்தரவையே ஒடச்சிருப்பேனே!"

அவங்க சோம்பல்தான் எம்புள்ளைக்குச் சாவின்னு எனக்கு எப்படித் தெரியும் மச்சான்? பார்க்கப் போனா, கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னு "எப்பப்பா வருவேன்?"னு கேக்கறான். நெஞ்சே வெடிச்சிடும் போல இருக்கு.

இப்போது அமைச்சகத்துக்கு இன்னொரு முறையீடு போயிருக்கிறது. விசாரணை வரை அது தூசி படிந்து கிடந்தால் பையன் வந்துவிடுவான். அந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை என்று வக்கீலிடம் சத்தியம் செய்திருக்கிறேன். என் கூத்தை உங்கள் தங்கையிடம் சொல்ல வாய் வரவில்லை. அமைச்சகத்துக்குப் போய்ப் பாருங்கள் என்று அவள் நச்சரிக்கும்போதெல்லாம், மூட்டு வலி என்று சொல்லி உட்கார்ந்திருக்கிறேன்.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். எந்த அதிகாரிக்கும் சுறுசுறுப்பு வந்துவிடக் கூடாது என்று நீங்களும் வேண்டிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை வீட்டுக்காரன்

பி.கு.: உங்கள் தங்கை இப்போதுதான் வெளியிலிருந்து வந்தாள். "ஒங்களுக்குத்தான மூட்டு வலி, எனக்கென்ன? நானே அமைச்சகத்துக்குப் போயிட்டேன். அந்த அதிகாரி தங்கமான மனுஷர். நான் அழுததப் பாத்துட்டு, அங்கயே காகிதத்த எடுத்துப் படிச்சு, கையெழுத்தும் போட்டுட்டார்!" என்கிறாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பு. உள்ளே அவன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறாள். அவர் போட்டதும் நிராகரிப்புதான், தாமதம் என்ற சாவியும் போய்விட்டது என்று அவளிடம் எப்படிச் சொல்வேன் மச்சான்?