மூன்று கணவர்களைக் கொன்ற கேக்

‘இவர் அவர்தானே’ என்றொரு மனித இனம் இருக்கிறது. தொலைக்காட்சியில் கதை சூடு பிடித்து, கதாநாயகி இருட்டுப் படிக்கட்டில் கால் வைத்து, மேலே யாரோ மூச்சு விடும் சத்தம் கேட்கிற அதே நொடியில், நாற்காலியின் விளிம்புக்கு வந்து, திரையை நோக்கி விரலை நீட்டி, “இவன் யாருன்னு தெரியுதா?” என்று கேட்பவர் இந்த இனத்தைச் சேர்ந்தவர். படிக்கட்டில் நிற்கும் பெண்ணின் உயிரைப் பற்றி அவருக்கு அக்கறை இல்லை. தெருக்கோடியில் குடையோடு, ஒரு வசனமும் இல்லாமல், ஒருவன் நடந்து போனானே, அவன் முப்பத்தைந்து வருஷங்களுக்கு முன் வேறொரு தொடரில் பாதிரியாராக வந்தவன். வீடு அதை இப்போதே தெரிந்துகொண்டாக வேண்டும். தெரிந்துகொண்டு வீடு என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. அதற்குள் படிக்கட்டில் நின்ற பெண் செத்துப்போயிருப்பாள். கொன்றது யார் என்று ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

வென்லி கிராஸ் ஊரில் இந்த இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற பிரதி, நீர்வாரிய அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நெவில் டில்லி. ஞாயிற்றுக்கிழமை இரவுச் சாப்பாடு முடிந்து, தேநீர்க் கோப்பையும் இஞ்சி பிஸ்கட்டுமாக அவர் நாற்காலியில் அமர்ந்தால், அவருடைய மனைவி கிளெனிஸ் அடுத்த ஒரு மணி நேரத்துக்குக் கதை கேட்கும் ஆசையைக் கைவிட்டுப் பின்னல் ஊசிகளை எடுத்துக்கொள்வாள்.

“அது நடிப்பு,” என்பார் நெவில், பழைய தொடர் எதையாவது மறுஒளிபரப்பினால். “கதவைச் சாத்தினா சுவர் ஆடும். ஆனா ஆளு ஆட மாட்டான். இப்ப இருக்கறவங்க எல்லாம் வாய்க்குள்ளயே பேசிக்கிறாங்க.”

“நீ பேசறதுல அவங்க பேசறது எனக்கு எங்க கேக்குது?” என்பாள் கிளெனிஸ்.

அவருக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. ஒரு பழைய முகத்தைக் கண்டதும் தலையைக் குனிந்து, “பாவம், போய்ச் சேர்ந்துட்டான்,” என்று உருக்கமாகச் சொல்வார். அடுத்த வாரம் அந்த மனிதர் மாடிப்படியில் ஏறும் மின்நாற்காலிக்கான விளம்பரத்தில் கையாட்டிக்கொண்டே மேலே போவார். நெவில் அசர மாட்டார். “இது பழசா எடுத்து வெச்சிருப்பாங்க,” என்பார்.

இப்படி ஆயிரம் முகங்களை நெஞ்சில் வைத்திருக்கும் ஒருவர், சொந்த மைத்துனரைச் சந்தையில் பார்த்து அடையாளம் தெரியாமல் வணக்கம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மைத்துனர் எந்தத் தொடரிலும் வரவில்லை. அது அவருடைய குறை.

இதில் எல்லாம் யாருக்கும் பெரிய கெடுதல் இல்லைதான். கெடுதல் எங்கே தொடங்குகிறது என்றால், நடித்தவரும் அவர் போட்ட வேஷமும் வேறு வேறு என்பது இந்த இனத்தாரின் புத்திக்கு எட்டும், வயிற்றுக்கு எட்டாது. அந்த இடத்தில்தான்.

போன வருஷம் வசந்த காலத்தில், தேவாலயத்தின் பின்சந்தில் காலியாக இருந்த வீட்டுக்கு ஹெஸ்டர் லின்ஃபோர்ட் குடி வந்தார். பெயரைச் சொன்னால் பலருக்குத் தெரியாது. ‘பெல்லோஸ் வீட்டு விதவை’ என்றால் அந்த ஊரில் ஐம்பது வயதைத் தாண்டிய எல்லாரும் ஒரு கணம் தேநீர்க் கோப்பையைக் கீழே வைப்பார்கள். ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் ஓடிய தொடர். அதில் திருமதி பெல்லோஸாக வந்த ஹெஸ்டர் மூன்று கணவர்களை, ஒருவர் பின் ஒருவராக, சீமைச்சோம்பு தூவிய கேக்கில் விஷம் வைத்துக் கொன்றார். ஒவ்வொரு முறையும் தட்டை நீட்டி, தலையை லேசாகச் சாய்த்து, பட்டுப் போன்ற குரலில் ஒரே கேள்வி கேட்பார்: “ஒரு துண்டு போதுமா உங்களுக்கு?”

நாடே அந்தக் கேள்வியைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. சோம்பு கேக்கை மட்டும் கொஞ்ச காலம் யாரும் செய்யவில்லை.

அப்பேர்ப்பட்டவர் தம் ஊருக்கே வந்துவிட்டார் என்றால் நெவிலுக்குத் தலைகால் புரியுமா? முதல் வாரமே தபால் நிலைய வரிசையில் வழிமறித்தார்.

“மேடம், அந்த ரெண்டாவது புருஷன் சாயும்போது நீங்க கையுறையைக் கழட்டுவீங்களே, ஒவ்வொரு விரலா. எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல.”

“ரொம்ப நன்றி மிஸ்டர் டில்லி,” என்றார் ஹெஸ்டர். மெலிந்த, சிரித்த முகம், நீல மழைக்கோட்டு, கையில் தபால்தலை. “கையுறை ஒரு அளவு சின்னது. வேற வழியில கழட்ட முடியல.”

“அடக்கம் பாரு,” என்று நெவில் அன்று முழுக்க ஊரில் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

புதிதாக வந்தவர் அக்கம்பக்கத்தாரோடு பழக வேண்டாமா? ஹெஸ்டர் நூலகத்துக்கு இஞ்சி கேக் கொண்டுபோனார். கிறிஸ்துமஸுக்குத் தேவாலயத்துக்குப் பழக் கேக் கொண்டுபோனார். டில்லி வீட்டுக்கு எலுமிச்சை கேக். ஊர் அத்தனை பேரும் இரண்டு கைகளாலும் வாங்கினார்கள், மூக்கருகே கொண்டுபோய் ஆகா என்றார்கள், நன்றிக் கடிதம் எழுதினார்கள். சாப்பிட மட்டும் இல்லை.

ஏன் என்று கேட்டால் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். சர்க்கரை, பல்வலி, இப்போதுதான் சாப்பிட்டு வந்தோம். நெவில் எலுமிச்சை கேக்கைத் தகர டப்பாவில் வைத்து மூன்று நாட்கள் நாளைக்கு, நாளைக்கு என்றார். நாலாம் நாள் தோட்டத்துப் பறவைகளுக்குப் போடலாமா என்று யோசித்தார். மனம் வரவில்லை, பாவம், அவை என்ன குற்றம் செய்தன? கடைசியில் ரோஜாச் செடியின் கீழே குழி வெட்டினார். அன்று மாலையே உட்கார்ந்து, ‘இப்படியொரு எலுமிச்சை மணத்தை என் வாழ்நாளில் கண்டதில்லை’ என்று கடிதம் எழுதினார். அதில் பொய் எதுவும் இல்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

இந்த வருஷம் ஜூலை மாதம் தேவாலயத் திடலில் கோடைத் திருவிழா. அன்று காலை, வறுத்த ரொட்டியில் ஆரஞ்சுத் தோல் ஜாம் தடவிக்கொண்டே கிளெனிஸ் சொன்னாள்:

“ஹெஸ்டர் வீட்டை விக்கப்போறா.”

நெவிலின் கத்தி நின்றது. “ஏன்? நல்ல வீடு. நல்ல ஊரு. நாம எல்லாரும் அவங்களைத் தலையில தூக்கி வெச்சு ஆடுறோம்.”

“தலையில வெச்சு ஆடுறீங்க. வீட்டுக்குக் கூப்பிட்டு உக்கார வைக்கல. ஒன்னேகால் வருஷமா அவ கையால ஒருத்தர் ஒரு வாய் சாப்பிடல நெவில்.”

“நான் கடிதம் எழுதினேனே.”

“அவ வீட்டு மாடி ஜன்னல் நம்ம தோட்டத்தைப் பாத்துதான் இருக்கு.”

நெவில் ரொட்டியைக் கீழே வைத்தார்.

“‘உங்க வீட்டுக்காரர் என் கேக்கை அடக்கம் பண்ணினதைப் பாத்தேன், தொப்பியைக் கழட்டிட்டுத்தான் பண்ணினார், மரியாதை தெரிஞ்சவர்’னு சொல்லிச் சிரிச்சா. சிரிச்சிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா. இன்னிக்குப் போட்டிக்கு ஒரு கேக் வெக்கிறாளாம். அதையும் யாரும் தொடலைன்னா, ஹோவ் ஊர்ல இருக்கற தங்கச்சி வீட்டோட போயிடறாளாம்.”

“கேக் போட்டிக்கு நடுவரே நான்தானே?”

“அதனாலதான் உன்கிட்ட சொல்றேன். வழக்கம் மாதிரி விளிம்பை உதிர்த்து நாக்குல ஒட்டிக்கிற வேலையெல்லாம் வேண்டாம். வாயில வெச்சு, மென்னு, முழுங்கணும்.”

இப்போது இந்த மனிதரின் நிலையை எண்ணிப் பாருங்கள். அவர் வாழ்நாளில் கைகுலுக்கிய ஒரே அசல் நடிகை ஊரை விட்டுப் போகப் போகிறார். தடுக்க வேண்டுமானால் கேக்கைத் தின்ன வேண்டும். அறிவு சொல்கிறது, ஹெஸ்டர் யாரையும் கொல்லவில்லை என்று. வயிறு சொல்கிறது, மூன்று பேரை நீயே உன் கண்ணால் பார்த்தாய் என்று.

திருவிழா என்றால் மழை பெய்ய வேண்டும், பெய்தது. தோரணங்கள் சொட்ட, பித்தளை வாத்தியக்காரர்கள் குடைக்கடியில் ஊத, ஊரே கேக் கூடாரத்துக்குள் அடைந்து நின்றது. நீளமான மேசையில் கேக்குகள். முகம் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதால் ஒவ்வொன்றின் முன்னும் எண் மட்டும். பெயர் அட்டையின் பின்பக்கம். கூடாரத் தூணருகே நீல மழைக்கோட்டில் ஹெஸ்டர் நின்றுகொண்டிருந்தார்.

நெவில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேசையை நோட்டம் விட்டார். கடைக்கோடியில் அது இருந்தது. பழுப்பு நிறம். மேலே சீமைச்சோம்பு. அவர் கண்ணெதிரே ஆறு ஞாயிற்றுக்கிழமைகளும் ஓடின.

“அதுதான்,” என்று பாதிரியாரின் காதில் ஓதினார். “வேற என்ன செய்வாங்க அவங்க? எண்ணெல்லாம் வெச்சு என்ன பிரயோசனம்? கைவேலை காட்டிக்கொடுத்துடும்.”

“கூப்பிடு தூரத்துலதான் முதலுதவிக்காரங்க இருக்காங்க,” என்றார் பாதிரியார் ஆறுதலாக.

சாக்லேட் கேக்கை ருசித்தார். அக்ரூட் கேக்கை ருசித்தார். ஜாம் வைத்த பஞ்சு கேக்கில் சற்று நேரம் தங்கினார். மனசு கனத்திருக்கும்போது இப்படிப்பட்ட வெள்ளந்தியான கேக் ஒரு வரம். ஒரு துண்டு தின்றார். “இன்னொண்ணு வெட்டுங்க,” என்று கேட்டு வாங்கித் தின்றார். விரலில் ஒட்டிய ஜாமையும் விடவில்லை. பிறகு கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு, மேசையின் கடைக்கோடிக்கு நடந்தார்.

கூடாரம் அமைதியானது. வெளியே ஊதிக்கொண்டிருந்த வாத்தியமும் என்ன காரணத்தாலோ நின்றது.

நெவில் சோம்பு கேக்கில் ஒரு துண்டை எடுத்தார். கிளெனிஸைப் பார்த்தார். நாற்பத்தாறு வருஷ இல்லறம் அந்தப் பார்வையில் இருந்தது. வாயில் வைத்தார். மென்றார். நெற்றியில் வியர்வை பூத்தது. முழுங்கினார்.

அப்போது தூணருகிலிருந்து, தலையை லேசாகச் சாய்த்து, பட்டுப் போன்ற குரலில் ஹெஸ்டர் கேட்டார்.

“ஒரு துண்டு போதுமா உங்களுக்கு?”

நெவில் மேசை விளிம்பை எட்டிப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேர் நாற்காலியைத் தள்ளினார்கள். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, நெஞ்சில் கை வைத்து, கடமை தவறாத நடுவராக, “முதல் பரிசு… இதுக்கு,” என்றார். “ரெண்டாவது, அந்த ஜாம் கேக்.”

பாதிரியார் கடைக்கோடி அட்டையைத் திருப்பினார். தொண்டையைச் செருமினார்.

“முதல் பரிசு, கிளெனிஸ் டில்லி.”

கூடாரத்தில் ஒரு சிரிப்பு புறப்பட்டு, மரியாதை கருதிப் பாதியில் நின்றது.

“ஏன்யா,” என்றாள் கிளெனிஸ், “நாப்பத்தாறு வருஷமா தின்னுட்டு இருக்கற கையி. அதுக்கா இந்த ஆட்டம் ஆடினே?”

“அப்போ அவங்களுது?”

பாதிரியார் இன்னொரு அட்டையைத் திருப்பினார். ஜாம் கேக். ஹெஸ்டர் லின்ஃபோர்ட்.

நெவில் தம் விரல்களைப் பார்த்தார். ஒரு விரலில் இன்னும் கொஞ்சம் ஜாம் இருந்தது.

ஹெஸ்டர் தூணை விட்டு மேசையருகே வந்தார். “எனக்குச் சோம்பு வாசனையே ஆகாது மிஸ்டர் டில்லி. தொடர்ல நான் நீட்டினது வர்ணம் அடிச்ச ரப்பர். மூணு புருஷனும் மெல்ல முடியாமத்தான் சாய்ஞ்சாங்க.” சொல்லிவிட்டு ஜாம் கேக்கைக் காட்டினார். “நீங்க என் கேக்கை ரெண்டு துண்டு சாப்பிட்டீங்க. ரெண்டாவதைக் கேட்டு வாங்கினீங்க. நான் பாத்துக்கிட்டே இருந்தேன்.” கடைசி வார்த்தைகளில் குரல் தடுக்கியது. நெவில் அவருடைய எல்லாத் தொடர்களையும் பார்த்தவர். இந்தத் தடுக்கலை எதிலும் பார்த்ததில்லை.

அவர் எழுந்தார். வயிற்றை ஒருமுறை தடவிப் பார்த்தார். அது வாயைத் திறக்கவில்லை. காலியான தட்டை ஹெஸ்டரிடம் நீட்டினார்.

“போதாதுங்க,” என்றார். “மூணாவது துண்டு கொடுங்க.”

தெரிந்தே தின்ற துண்டு அது. தின்று முடிக்கும்வரை ஊர் காத்திருந்தது. நெவில் சாயாமல் நின்ற இடத்திலேயே நிற்பதைக் கண்டு, பாதிரியார் ஒரு தட்டை எடுத்து அவர் பின்னால் போய் நின்றார். அவர் பின்னால் நூலகக்காரி நின்றாள். இரண்டு பேர் ஒருவர் பின் ஒருவராக நின்றுவிட்டால் அந்த ஊர்க்காரர்களுக்கு வேறு காரணம் தேவையில்லை. வரிசை கூடார வாசலைத் தாண்டி மழைக்குள் நீண்டது. கடைசியில் நின்றவர்களுக்குத் துகள்தான் கிடைத்தது. அதற்கும் நன்றி சொன்னார்கள். கிளெனிஸ் அத்தனை வருஷம் விட்டுவிட்டு இந்த வருஷம் பார்த்து ஏன் சோம்பு கேக் செய்தாள் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

வீடு விற்பனைக்கு வரவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் டில்லி வீட்டில் மூன்றாவது நாற்காலி ஒன்று போடப்படுகிறது. நெவில் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? கதாநாயகி படிக்கட்டில் கால் வைத்ததும் விரல் நீளத்தான் செய்கிறது.

“அந்தக் குடைக்காரன் யாருன்னு தெரியுதா? அந்தப் பாதிரியாரா வந்தவன். பாவம், போய்ச் சேர்ந்துட்டான்.”

“செத்தது அவன் இல்ல, அவன் அண்ணன்,” என்கிறார் ஹெஸ்டர். “இவன்கிட்ட செவ்வாய்க்கிழமைகூட போன்ல பேசினேன்.”

கிளெனிஸ் பின்னல் ஊசிகளைப் பரணில் போட்டுவிட்டாள். இரண்டு பேர் சண்டை போடுவதைப் பார்ப்பது எந்தக் கதையைவிடவும் நன்றாக இருக்கிறதாம்.

நெவிலைப் பார்த்து நீங்கள் சிரித்தீர்கள். சிரியுங்கள். ஆனால் போன மாதம் துணிக்கடையில், தினமும் ராத்திரி எட்டு மணிக்கு மருமகளை அழ வைக்கிற அந்த மாமியார் நடிகை உங்கள் பக்கத்தில் நின்று புடவை பார்த்தபோது, முகத்தை வெடுக்கென்று திருப்பிக்கொண்டது யார்? திரையில் ஏழைக்காகக் கண்ணீர் விட்டவர் தெருவிலும் விடுவார் என்று நம்பி விரலில் மை வைத்துக்கொண்டு வந்தது யார்? எனக்குத் தெரியாது, நான் பார்க்கவில்லை. ஒருநாள் உங்கள் தெருவிலும் யாராவது குடி வருவார்கள், கையில் ஒரு தட்டோடு வாசலில் நிற்பார்கள். எங்கேயோ பார்த்த முகமாக இருக்கும். நீங்கள் இரண்டு கைகளாலும் வாங்கி, மூக்கருகே கொண்டுபோய், ஆகா என்பீர்கள். அதற்கப்புறம் என்ன செய்வீர்கள் என்பதைப் பக்கத்து வீட்டு மாடி ஜன்னல் பார்த்துக்கொண்டிருக்கும்.

சரி, வந்தது வந்தீர்கள். ஒரு துண்டு போதுமா உங்களுக்கு?